தங்கும் விடுதிக்கு 16 சேனல் பிஓஇ கேமரா செட்: எங்கே தேறுகிறது, எங்கே தவறுகிறது

சிசிடிவி கடையில் '16 சேனல் பிஓஇ செட்' என்று கேட்டால், எந்த பிராண்டாக இருந்தாலும் கைக்கு வருவது ஏறக்குறைய ஒரே சரக்குதான். பின்பக்கம் 16 பிஓஇ போர்ட் உள்ள ஒரு என்விஆர் (பதிவுப் பெட்டி), 4 மெகாபிக்சல் டரெட் (உருண்டைத் தலை) கேமரா 16, ஒரு ஹார்ட் டிஸ்க். கேமராவுக்கு ஒரு நெட்வொர்க் கேபிள். படமும் மின்சாரமும் அதிலேயே ஓடும், பிஓஇ என்பது அதுதான். வீட்டுக்கும் கடைக்கும் கிடங்குக்கும் மாட்டுகிற இதே செட்டை அப்படியே ஹோட்டலிலும் மாட்டிவிட்டுப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கிடங்கில் கேமரா எவ்வளவு அதிகம் பார்க்கிறதோ அவ்வளவு நல்லது. ஹோட்டலில் அறை எடுப்பவர், யார் கண்ணும் படாத நான்கு சுவர்களுக்காகத்தான் வாடகையே கொடுக்கிறார்.

ஆகவே இந்த செட்டை இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். திருட்டோ தகராறோ நடந்தால் ஆளைக் காட்டுமா? அறைக்குள் நடப்பதை அறவே காட்டாமல் இருக்குமா? 25 முதல் 50 அறைகள் வரை உள்ள ஒற்றைக் கட்டட ஹோட்டலுக்கு எங்கள் பதில்: செட்டை வாங்கலாம். ஆனால் பெட்டியில் வரும் லென்ஸையும், தொழிற்சாலையிலிருந்து வரும் செட்டிங்கையும் அப்படியே ஏற்கக் கூடாது.

லென்ஸ்தான் பெரிய குறை

பெட்டியில் இருக்கும் 16 கேமராவிலும் பெரும்பாலும் 2.8 மிமீ லென்ஸே வரும். பக்கவாட்டில் சுமார் 100 டிகிரி பார்க்கும். ரிசப்ஷனுக்கும் லிஃப்ட் முன்புறத்துக்கும் அது சரி. அறைக் கதவுகள் வரிசையாக இருக்கும் காரிடாருக்கு அது தவறான லென்ஸ்.

ஆள் அடையாளத்தை முதலில் பார்ப்போம். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசக் கேமரா தரத்தின் 2014 பதிப்பின்படி, முன்பின் தெரியாத ஒருவரை உறுதியாக அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல். 2.8 மிமீ லென்ஸ் 20 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 48 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்குகிறது. மீட்டருக்கு 53 பிக்சல்தான் மிஞ்சும். சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது. 52 டிகிரி அளவில் பார்க்கும் 6 மிமீ லென்ஸில் அதே தூரத்தில் 130 பிக்சல் கிடைக்கும்.

தனியுரிமைக் கணக்கு இதைவிட முக்கியமானது. இதைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. 2 மீட்டர் அகலக் காரிடாரின் முனையில், சரியாக நடுவில் கேமரா இருக்கிறது. பக்கச் சுவரில் 90 செமீ அகல அறைக்கதவு. சுவரின் கனம் 15 செமீ. கதவு திறந்திருக்கும்போது உள்ளே தெரியுமா என்பது கதவு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காரிடார் அகலத்தில் பாதியைக் கதவின் அகலத்தால் பெருக்கி, சுவர்க் கனத்தால் வகுத்தால் எல்லைத் தூரம் வந்துவிடும்: 1 × 0.9 ÷ 0.15 = 6 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள கதவு முழுக்கத் திறந்தாலும் நிலைச்சட்டத்தின் பக்கவாட்டுதான் தெரியும், அறை தெரியாது. 6 மீட்டருக்குள் உள்ள கதவுகளில்தான் ஆபத்து. கேமராவை நடுவில் வைக்காமல் ஒரு பக்கச் சுவரை ஒட்டி மாட்டினால், எதிர்ச்சுவருக்கு அந்த 6 மீட்டர் 12 ஆகிவிடும். கேபிள் இழுக்க வசதி என்று மூலையில் மாட்டுவதை இந்த ஒரு காரணத்துக்காகவே அனுமதிக்கக் கூடாது.

இப்போது லென்ஸுக்கு வருவோம். 2.8 மிமீ லென்ஸ் இருந்தால் கேமராவிலிருந்து 85 செமீ தள்ளியே பக்கச் சுவர் படத்துக்குள் வந்துவிடும். முதல் கதவிலிருந்தே அறைக்குள் பார்வை போகும். 6 மிமீ கேமராவை 90 டிகிரி திருப்பி, செட்டிங்கில் 'காரிடார் மோட்' போட்டால் படம் நெட்டுக்குத்தாக மாறும். பக்கவாட்டுக் கோணம் 28 டிகிரியாகச் சுருங்கிவிடுவதால் சுவர் 4 மீட்டருக்கு மேல்தான் படத்தில் நுழையும். கேமராவுக்குக் கீழே உள்ள கதவுகள் படத்திலேயே இல்லை. மாஸ்க் (படத்தில் அந்தப் பகுதியைக் கறுப்பாக்குவது) போட வேண்டியது 4 முதல் 6 மீட்டருக்குள் இருக்கும் ஒன்றிரண்டு கதவுகளுக்கு மட்டும்தான். 2.5 மீட்டர் உயரத்தில் 26 டிகிரி கீழே சாய்த்தால் தரை 2 மீட்டரிலிருந்தே தெரியும். காரிடாரின் கடைசி ஆளும் விடுபட மாட்டார். காரிடார் மோட் போட்டால் பிக்சல் கூடும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், மீட்டருக்கான பிக்சல் மாறாது. வீணாகும் பக்கச் சுவர்கள் படத்திலிருந்து விலகுகின்றன, அவ்வளவுதான். ஹோட்டலுக்கு அதுதான் தேவையும்.

காரிடாரின் மறுமுனையில் கேமராவுக்கு நேர் எதிரே ஓர் அறைக்கதவு இருந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் அதைக் காப்பாற்றாது. மாஸ்க் போடுங்கள், அல்லது கேமராவை எதிர்த்திசைக்கு மாற்றுங்கள். எங்கள் தேர்வு இரண்டாவதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போதே 16 கேமராவில் காரிடார்களுக்கானவற்றை 6 மிமீ ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். 12 மீட்டருக்குக் குறைவான காரிடாருக்கு 4 மிமீ போதும். பெரும்பாலான டரெட் கேமராக்களில் லென்ஸைத் தனியே கழற்றி மாற்ற முடியாது என்பதால், மாட்டிய பிறகு மனம் மாறினால் கேமராவையே மாற்ற வேண்டியிருக்கும்.

பிரைவசி மாஸ்க்: எங்கே சேர்கிறது என்று பாருங்கள்

படத்தில் ஒரு பகுதியைக் கறுப்பாக்கும் வசதி எல்லா செட்டிலும் இருக்கிறது. அந்தக் கறுப்பு எந்த இடத்தில் சேர்கிறது என்பதில்தான் தரம். கேமராவுக்குள்ளேயே படம் உருவாகும்போது சேர்ந்தால், அந்தப் பகுதி எங்கேயும் பதிவாகாது. பிறகு யார் நினைத்தாலும் மீட்க முடியாது. என்விஆர் திரையில் மட்டும் பூசப்பட்டால், கேமராவிலிருந்து நேராக வரும் படத்தில் எல்லாம் அப்படியே இருக்கும்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். என்விஆரில் மாஸ்க் வரையுங்கள். ஒரு லேப்டாப்பை என்விஆரின் காலி பிஓஇ போர்ட்டில் (எல்லாம் நிறைந்திருந்தால் வேறொரு கேமராவைச் சற்று நேரம் கழற்றிவிட்டு) செருகி, அதே ஐபி வரிசையில் ஒரு முகவரி கொடுங்கள். விஎல்சி பிளேயரில் அந்தக் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியை (கேமராவின் நேரடிப் படத்துக்கான முகவரி) திறந்து மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தரப் படம்), சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்த சிறிய படம்) இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் கறுப்பு இருந்தால் தேறியது. ஒரே நிறுவனத்தின் கேமராவும் என்விஆரும் சேர்ந்த செட்டுகள் பொதுவாக இதில் தேறிவிடும். வேறு நிறுவனக் கேமராவை ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகளை இணைக்கும் பொது முறை) வழியாகச் சேர்த்தால்தான் வழுக்கும்; அப்படிச் சேர்த்தால் மாஸ்க்கைக் கேமராவின் சொந்த வெப் பக்கத்திலேயே போடுங்கள்.

மலிவு மாடல்கள் பலவற்றில் நான்கு செவ்வகம் வரைதான் போட முடியும். சாய்ந்து தெரியும் கதவுக்குச் செவ்வகம் பொருந்தாது. கதவை மூடப் போனால் நடக்கும் பாதையும் மூடிவிடும். புள்ளி புள்ளியாக வைத்துப் பல்கோணம் வரைய விடும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். முதலில் ரெசல்யூஷனையும் காரிடார் மோடையும் முடித்துவிட்டு, கடைசியில் மாஸ்க் வரையுங்கள். வரிசை மாறினால் மாஸ்க் இடம் மாறும் அல்லது அழியும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போய்விடும். ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாஸ்க்கில் இன்னொரு பலவீனம் உண்டு. அது படத்தின் மேல் நிற்கிறது, கதவின் மேல் அல்ல. ஏசி சர்வீஸுக்கு வந்தவரின் ஏணி கேமராவில் இடித்து ஐந்து டிகிரி திரும்பினால் போதும்: மாஸ்க் பழைய இடத்தில் சுவரை மறைத்துக்கொண்டிருக்கும், கதவு வெளியே வந்திருக்கும். மாட்டிய அன்றே ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து மாதம் ஒருமுறை ஒப்பிட்டால் இது பிடிபடும். 'காட்சி மாற்றம்' எச்சரிக்கை இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

வெளிப்புறக் கேமராவை இரவில்தான் சோதிக்க வேண்டும். பகலில் அறைகளின் ஜன்னல் கண்ணாடி வானத்தைப் பிரதிபலிக்கும். உள்ளே ஒன்றும் தெரியாது. மாட்டுபவரும் பகலில் பார்த்து ஓகே சொல்லிவிட்டுப் போய்விடுவார். இருட்டிய பின் ஓர் அறையில் விளக்கைப் போட்டு, திரையை விலக்கிவிட்டு, பார்க்கிங் கேமராவின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கட்டில் வரை தெரியலாம். ஜன்னல், பால்கனி வரிசை முழுவதையும் மாஸ்க்கில் கொண்டுவந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சுழன்று ஜூம் செய்யும் பிடிஇசட் கேமராவில், அது நின்று பார்க்கும் கோணம் ஒவ்வொன்றிலும் ஜூம் செய்தபடியே மாஸ்க் பின்தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்; தொடராவிட்டால் ஹோட்டலுக்கு பிடிஇசட் வேண்டாம்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடவே கூடாது

அறைக்குள், குளியலறை, கழிப்பறை, உடை மாற்றும் இடம், ஸ்பா, மசாஜ் அறை, ஊழியர்கள் உடை மாற்றும் அறை: எங்கேயும் கூடாது, மாஸ்க் போட்டும் கூடாது. நீச்சல் குளத்துக்கு நுழைவாயிலை மட்டும் பாருங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அப்படியே. அறை போலவே வாடகைக்கு விடும் சூட்டின் முன்னறை, தனிப் படிக்கட்டு, தனி முற்றம் எல்லாம் அறையின் பகுதிதான். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி தன் தளத்தில் உள்ள வீடுகளுக்குள் கேமராவே வைக்கக் கூடாது என்று விதித்தது. முன்பு ஹாலில் வைக்க இருந்த அனுமதியையும் எடுத்துவிட்டது.

ஸ்மோக் டிடெக்டர், கடிகாரம், சுவர் பிளக் வடிவத்தில் வரும் கேமராக்களை ரிசப்ஷனில்கூட வைக்காதீர்கள். தென் கொரியாவில் 30 விடுதிகளின் 42 அறைகளில் டிவி பெட்டி, சுவர் சாக்கெட், ஹேர் டிரையர் மாட்டி ஆகியவற்றுக்குள் கேமராவை மறைத்து, சுமார் 1,600 பேரைப் படம்பிடித்து இணையத்தில் ஓடவிட்ட கும்பல் 2019-இல் பிடிபட்டது. அப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டு வருகிறவர் லாபியில் ஒரு போலிக் கடிகாரத்தைக் கண்டுபிடித்தால் தன் அறையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் சந்தேகிப்பார். கேமரா கேமராவாகவே தெரியட்டும். டம்மி கேமராவும் வேண்டாம். பார்க்கப்படுகிறோம் என்ற உறுத்தலை விருந்தினருக்குக் கொடுக்கும், தேவைப்படும் நாளில் ஒரு பதிவையும் தராது.

ரிசப்ஷன் கவுன்டரில் கேமராவின் கோணம் ஊழியரின் பின்னால் இருந்தால் அடையாள அட்டை, கையெழுத்து, கார்டு பின் எண் எல்லாம் பதிவாகும். ஆனால் முகம் பார்க்க அந்தத் திசைதான் சரி என்பதால், கேமராவை ஊழியர் பக்கத்திலிருந்து வாடிக்கையாளர் நோக்கி வைத்து, மேஜைப் பரப்பையும் கார்டு மெஷினையும் மாஸ்க் செய்யுங்கள். கண்ணாடிக் கதவு பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். அங்கே 120 டிபி உண்மையான டபிள்யூடிஆர் (வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும் ஒருசேரத் தெரியவைக்கும் வசதி) உள்ள கேமரா வேண்டும். 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு, பலன் குறைவு.

ஒலி, பாஸ்வேர்டு, திரை

இந்த டரெட் மாடல்களில் இப்போது மைக் சேர்ந்தே வருகிறது. ஆடியோ ஆன் ஆகவே வருபவையும் உண்டு. ஹோட்டலில் ஒலிப்பதிவுக்கு வேலையே இல்லை. பேச்சைப் பதிவு செய்வதற்குப் பல நாடுகளில் படத்தைவிடக் கடுமையான சட்டம் இருக்கிறது. மெயின் ஸ்ட்ரீம், சப் ஸ்ட்ரீம் இரண்டிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறப்பதே வழக்கமாக நடக்கும் பிழை. மைக் இல்லாத மாடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முக அடையாள வசதியையும் அணைத்துவிடுங்கள். 'மனிதர், வாகனம்' என்று பிரிக்கும் வசதி இருந்தால் தேடுவதற்குப் போதும்.

2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது, மாற்றப்படாத தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். இன்றைய செட்டுகள் முதல் முறை ஆன் செய்யும்போதே புதிய பாஸ்வேர்டு கேட்கின்றன. அந்த வகையில் தேறிவிட்டன. ஆனால் மாட்டுபவர் தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போனால் பயனில்லை. யுபிஎன்பி (இணையத்துக்குத் தானாக வழி திறந்துவிடும் வசதி) ஆஃப். வெளியிலிருந்து பார்க்கத் தேவையில்லை என்றால் பி2பியும் (நிறுவன சர்வர் வழியாக மொபைலில் பார்ப்பது) ஆஃப், தேவையென்றால் விபிஎன் (மறையாக்கம் செய்த தனி வழி). விருந்தினர் வைஃபையும் என்விஆரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது, தனி விலேன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) போடுங்கள். கேமராக்கள் என்விஆரின் சொந்த போர்ட்டுகளில் செருகப்பட்டால் அவை உள் நெட்வொர்க்கில் தனித்திருக்கும். வைஃபை கேமராக்களைவிட இந்த செட்டை நாங்கள் மேலாக வைப்பதற்கு இது பெரிய காரணம்.

கசிவு ஹேக்கரால் மட்டும் வருவதில்லை. ரிசப்ஷன் திரையில் ஓடும் பழைய பதிவை யாராவது மொபைலில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாலும் வருகிறது. என்விஆரின் லாகில் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவேட்டில்) அப்படிப் பிடித்ததற்குத் தடயமே இருக்காது. ஆகவே ரிசப்ஷன் கணக்குக்கு வாசல், லிஃப்ட் முன்புறம், பார்க்கிங் ஆகியவற்றின் நேரலை மட்டும், பிளேபேக் கிடையாது. காரிடார் பதிவு மேலாளர் கணக்கில், பூட்டிய அறையில். எக்ஸ்போர்ட் செய்யும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்றே நீங்க வேண்டும், அவர் போனில் இருக்கும் ஆப்பின் அனுமதியும் சேர்த்து. பல என்விஆர்கள் லாக்அவுட் ஆன பிறகும் எச்டிஎம்ஐ திரையில் எல்லாக் கேமராவையும் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த அனுமதியைச் செட்டிங்கில் தேடி நீக்க வேண்டும். திரை விருந்தினர் பக்கம் திரும்பியிருக்கவும் கூடாது. யார் யாரோடு வருகிறார் என்பது அடுத்த விருந்தினருக்குத் தெரிய வேண்டியதில்லை.

எத்தனை நாள் வைப்பது

நொடிக்கு 15 பிரேம், எச்.265 சுருக்க முறை, 3 எம்பிபிஎஸ் வேகம் வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 32.4 ஜிபி. 16 கேமராவுக்கு 518 ஜிபி. 8 டிபி டிஸ்க்கில் 15 நாள் தொடர்ச்சியாக நிற்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அசைவு வரும்போது மட்டும் பதியும்படி வைத்தால் அதே டிஸ்க் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும், ஏனென்றால் டிஸ்க் நிறைந்தால்தான் பழையது அழியும். வாசலில் உள்ள கேமரா அறிவிப்புப் பலகையில் 15 நாள் என்று எழுதிவிட்டு 40 நாள் பதிவை வைத்திருப்பதாக ஆகிவிடும். ஸ்டோரேஜ் பகுதியில் 'காலாவதி நாட்கள்' என்ற இடத்தில் எண்ணைப் போடுங்கள். அந்த வசதி இல்லாத என்விஆரை ஹோட்டலுக்கு வாங்க வேண்டாம்.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் வீடியோ பற்றிய தன் வழிகாட்டுதலில், 72 மணி நேரத்தைத் தாண்டி வைத்திருந்தால் அதற்கேற்பக் காரணமும் வலுவாக வேண்டும் என்கிறது. ஹோட்டலில் புகார்கள் விருந்தினர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் வரும் என்பதால் 7 முதல் 15 நாள் நியாயம் என்பது எங்கள் கருத்து. உள்ளூர்ச் சட்டம் வேறு எண் சொன்னால் அதுவே முடிவு. சம்பவம் நடந்த கிளிப்பை மட்டும் அழியாதபடி பூட்டி வைத்தால் போதும், மொத்த டிஸ்க்கையும் நிறுத்த வேண்டாம்.

"என் மனைவி இங்கே தங்கினாரா, யாரோடு வந்தார், காட்டுங்கள்" என்று கேட்டு வருபவருக்குக் காட்டக் கூடாது. உறவு எதுவாக இருந்தாலும் சரி, கேட்பவர் எவ்வளவு சத்தம் போட்டாலும் சரி. காவல்துறை எழுத்தில் கேட்டால் கொடுத்து, யார், எப்போது, எந்த கிளிப் என்று நோட்டில் பதியுங்கள். தன் படத்தையே கேட்கும் விருந்தினருக்குக் கொடுக்கும்போது மற்றவர்கள் முகத்தை மங்கலாக்க வேண்டும். என்விஆர் மென்பொருள்களில் இது அரிதாகவே இருக்கும். தனி வீடியோ எடிட்டர் வேண்டியிருக்கும்.

வயரிங்கில் தவறுவது

கேபிள் ஓட்டம் பேட்ச் கார்டு (முனைகளில் செருகும் சிறு கேபிள்) உட்பட 100 மீட்டருக்குள். செட்டோடு இலவசமாக வரும் கேபிளை ஒருமுறை கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பகலில் ஓடும் கேமரா இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிய ஆரம்பித்ததும் அணைந்து அணைந்து எழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முழுத் தாமிர கேட்6 போடுங்கள். இரவு முழுக்க விளக்கெரியும் காரிடாரில் ஐஆரையே அணைத்துவிடலாம். வெள்ளைச் சுவரில் ஐஆர் பட்டுப் படம் வெளுப்பதும் நிற்கும்.

லிஃப்டுக்குள் இந்த செட் தேறாது. மேலும் கீழும் ஓடும் கேபினுக்குச் சாதாரண கேட்6 சில மாதங்களில் உள்ளே ஒடிந்துவிடும். லிஃப்ட் நிறுவனத்தின் டிராவலிங் கேபிளில்தான் (கேபினோடு சேர்ந்து ஓடும் கேபிள்) இணைக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டடங்கள் உள்ள ரிசார்ட்டுக்கும் என்விஆர் போர்ட்டுகள் போதாது. ஒவ்வொரு கட்டடத்திலும் பிஓஇ ஸ்விட்ச், நடுவில் ஃபைபர் என்று போக வேண்டும்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் மாட்டியவரிடமிருந்து வாங்க வேண்டியவை: அட்மின் பாஸ்வேர்டு (வாங்கியதும் மாற்றிவிடுங்கள்), எந்தக் கேமராவுக்கு எந்த லென்ஸ் என்ற பட்டியல், மாஸ்க்கோடு பகலிலும் இரவிலும் எடுத்த ஸ்கிரீன்ஷாட், ஆடியோ அணைந்திருப்பதைக் காட்டும் ஒரு எக்ஸ்போர்ட் கிளிப், என்டிபி (நெட்வொர்க் வழியாகத் தானே சரிசெய்துகொள்ளும்) நேரம் சரியாக ஓடுவதற்கான சான்று. கடிகாரம் ஏழு நிமிடம் தள்ளியிருந்தாலும் கீ கார்டு லாகோடு பதிவு பொருந்தாது, பிறகு தவறான அறையில் இருந்தவர் மேல் சந்தேகம் விழும்.